'வாட்ச்' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் கண்ணின் தொழிலைக் குறிக்கும் சொற்களுள் 'சீ', 'லுக்', 'வாட்ச்' என்னும் மூன்றும் பெருவழக்கின. மூன்றற்கும் 'பார்' என்றே பொருள் எழுதிச் செல்வோர் மொழிபெயர்ப்பாளருள் பலர். முதலிரண்டிற்கும் அஃது ஒருவாறு பொருந்தும். மூன்றாவதற்குப் பொருந்தாது என்பதே நம் கருத்து.

'சீ' என்பது பொருள் கண்ணிற் படுதல். 'லுக்' என்பது கண்ணை ஒன்றன்பாற் செலுத்துதல். 'வாட்ச்' என்பதற்கோ காலநீட்சி வேண்டும். மாற்றம் நிகழும் என்னும் எதிர்பார்ப்பும் வேண்டும். ஓடும் குதிரையை ஆங்கிலேயர் 'வாட்ச்' செய்வர். சுவரிலுள்ள ஓவியத்தை 'லுக்' செய்வரேயன்றி 'வாட்ச்' செய்யார். செய்வாராயின், அதனை எவரேனும் களவாடுவரோ என்று ஐயுற்று நிற்கின்றனர் என்றே கேட்போர் கொள்வர்.

இவ்வேறுபாடு சொற்பிறப்பால் விளங்கும். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் துயிலாதிருத்தலையே குறித்தது. துயிலெழுதலைக் குறிக்கும் 'வேக்' என்பதும் இதுவும் ஒரே வேரின. இரவில் துயிலாதிருப்போன் காவலன். ஆதலின் காவற்பொருள் தோன்றியது. நோக்குதற்பொருள் பிற்பட்டது. கப்பலில் மாலுமிகள் முறைவைத்து ஆற்றும் நான்கு மணிநேரப் பணிக்கும், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சிறு கடிகாரத்திற்கும் இச்சொல்லே பெயராயிற்று. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், உறங்கிவிட்ட சீடரை 'வாட்ச்' செய்யுமாறு இயேசு பணிக்குமிடத்தில் பழம்பொருளே நிற்கின்றது. தமிழ் விவிலியத்தார் அதனை விழித்திருத்தல் என்று பெயர்த்தது மிகவும் பொருத்தமுடைத்து.

தமிழில் 'விழி' என்பது பெயராய்க் கண்ணையும், வினையாய்த் துயில் நீங்குதலையும் குறிக்கும். 'முகத்தில் விழித்தல்' என்னும் வழக்கில் காண்டலையும் உணர்த்தும். 'கா' என்னும் வினை காவலுக்கும் உரியது. 'காத்திரு' என்புழி எதிர்நோக்கலுக்கும் உரியது. மதுரைக்காஞ்சி ஊர்க்காவலரை உறங்காக் கண்ணினராகவே காட்டுகின்றது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுள் அடங்கியவை தமிழில் இவ்விரு வினைகளிடையே பகுந்து கிடக்கின்றன. அகராதியில் முதற்பொருளாக வைக்கத்தக்கவை இவையே, 'பார்' அன்று.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. நோயாளியை இரவில் 'வாட்ச்' செய்க என்னும் மருத்துவக் குறிப்பை 'நோயாளியைப் பார்க்கவும்' என்று பெயர்த்தால், ஒருமுறை எட்டிப் பார்த்துச் சென்றவரும் கட்டளையை நிறைவேற்றியவரே ஆவர். 'இரவு முழுவதும் விழித்திருந்து கவனித்துக்கொள்ளவும்' என்பதே அதன் பொருள்.