கிளீன் வேறு, டிஸ்இன்ஃபெக்ட் வேறு: போத்தல் மேல் எழுதியிருப்பது என்ன?

கம்போங் மேடான் வட்டாரத்து அடுக்குமாடிகளில் காலை ஐந்தரை மணிக்கே மின்தூக்கி முன்னால் ஆள் நிற்கும். பெட்டாலிங் ஜெயாவின் அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் துப்புரவு வேலைக்குப் போகும் அக்காமார்கள் அதில் பலர். எங்கள் மாடியில் இருக்கும் அக்காவும் அப்படித்தான். பதினான்கு வருட அனுபவம். போன வருடம் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனார். எல்லாம் நன்றாகப் போய், ஒரு கேள்வியில் இடறியது. 'கிளீன்' பண்ணுவதற்கும் 'டிஸ்இன்ஃபெக்ட்' பண்ணுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறார்கள். "ரெண்டும் சுத்தம் பண்றதுதானே மேடம்" என்று சொல்லிவிட்டார். வேலை கிடைக்கவில்லை.

"கையால செய்யத் தெரியுது தம்பி, வாயால சொல்லத்தான் தெரியல" என்று வருத்தப்பட்டார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு உட்கார்ந்து பேசியதில் எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை. எஸ்பிஎம் எழுதப் போகும் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில் அந்த நேர்காணல் கேள்விக்கே வருவோம். 'கிளீன்' என்றால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கை, எண்ணெய்ப் பிசுக்கை, தூசியை எடுப்பது. சோப்பும் தண்ணீரும் போதும். 'சானிட்டைஸ்' என்றால் கிருமிகளின் எண்ணிக்கையைப் பாதுகாப்பான அளவுக்குக் குறைப்பது. சாப்பாட்டுக் கடைகளில் இந்தச் சொல் அதிகம் புழங்கும். 'டிஸ்இன்ஃபெக்ட்' அதைவிட ஒரு படி மேல். மேசை, கைப்பிடி, கழிவறை போன்ற இடங்களில் இரசாயனம் போட்டுக் கிருமிகளைக் கொல்வது. இதற்கும் மேலே 'ஸ்டெரிலைஸ்' இருக்கிறது. ஓர் உயிரும் மிஞ்சக் கூடாது என்பது இதன் பொருள். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளை 121 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட நீராவியில் வைத்து எடுப்பது இதற்காகத்தான்.

இந்த நான்கில் வரிசை முக்கியம். அழுக்கின் மேலேயே கிருமிநாசினியை ஊற்றினால், மருந்தின் சக்தி அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். முதலில் கிளீன், பிறகுதான் டிஸ்இன்ஃபெக்ட். ஊற்றிய கையோடு துடைத்துவிட்டாலும் பயனில்லை. போத்தலில் 'காண்டாக்ட் டைம்' என்று போட்டிருக்கும் நிமிடக் கணக்கு அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டிய நேரம். அக்கா இதைக் கேட்டதும், "நாங்க செய்றதும் இதேதான், முதல்ல சோப்பு, அப்புறம்தான் மருந்து" என்றார். பதினான்கு வருடமாகச் சரியாகச் செய்தவருக்கு அதன் பெயர் மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் திணறுவது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. ஈரானியர்கள் பேசும் பாரசீகத்தில் சுத்தமானது எதற்கும் 'தமீஸ்' என்பார்கள். காதில் விழும்போது நம் மொழியின் பெயரைச் சொல்வது போலவே இருக்கும்! அறையை அடுக்கி வைத்தாலும் அதே சொல், மேசையைத் துடைத்தாலும் அதே சொல். ஆங்கிலம் படிக்க வரும்போது அவர்களும் 'கிளீன்' எது, 'டைடி' எது என்று பிரித்துப் பழக வேண்டியிருக்கிறது. பொருள்கள் அதனதன் இடத்தில் இருந்தால் டைடி, அழுக்கு இல்லாவிட்டால் கிளீன். டைடியான அறையில் ஒரு விரல் தூசி இருக்கலாம். மலாயில் 'கெமாஸ்', 'பெர்சே' என்று இரண்டு சொல் இருப்பதால் நமக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

இனி போத்தல் விஷயம். இதைத்தான் அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். எந்தக் கம்பெனி ப்ளீச் ஆனாலும் நாம் 'குளோராக்ஸ்' என்றுதான் சொல்கிறோம். அதன் பின்பக்கத்தில் 'டைலூட்' என்று ஒரு சொல்லும், 'டூ நாட் மிக்ஸ்' என்று ஓர் எச்சரிக்கையும் இருக்கும். பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் 'கலக்கு' என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். 'தண்ணி கலக்கு' என்கிறோம், 'அதையும் இதையும் கலக்கு' என்றும் சொல்கிறோம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. டைலூட் என்றால் தண்ணீர் சேர்த்து நீர்க்க வைப்பது. அதைச் செய்ய வேண்டும். மிக்ஸ் என்று அங்கே சொல்வது இன்னொரு இரசாயனத்தோடு சேர்ப்பதை. அதைச் செய்யவே கூடாது.

ப்ளீச்சோடு கழிவறைக் கறை நீக்கும் அமிலத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத கழிவறையில் கண் எரிந்து, மூச்சு அடைத்து, நுரையீரலே பாதிக்கப்படலாம். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். 'ரெண்டு மருந்து போட்டா ரெண்டு மடங்கு சுத்தம்' என்று நினைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் கலந்துவிட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு வெளிக் காற்றுக்கு வந்துவிடுங்கள்.

எவ்வளவு நீர்க்க வேண்டும்? கோவிட் காலத்தில் உலகச் சுகாதார நிறுவனம் மேசை, தரை போன்றவற்றுக்குச் சொன்ன அளவு 0.1 விழுக்காடு. 5 விழுக்காட்டு ப்ளீச் என்றால் 20 மில்லி எடுத்து, மொத்தம் ஒரு லிட்டர் வரும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். உங்கள் போத்தலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். 'கரோசிவ்' என்று இருந்தால் தோலையும் கண்ணையும் அரிக்கும் என்று பொருள். கையுறை போடாமல் தொடக் கூடாது. 'ரின்ஸ்' என்றால் நல்ல தண்ணீரில் அலசுவது.

அலசுவது என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சுத்தம் செய்யும் வேலைக்குத் தமிழில் எத்தனை வினைச்சொற்கள்! வாசலைப் பெருக்குகிறோம், மேசையைத் துடைக்கிறோம், பாத்திரத்தை விளக்குகிறோம், துணியை அலசுகிறோம். ஆங்கிலத்தில் பெருக்குவது 'ஸ்வீப்', துடைப்பது 'வைப்', தரையைத் துடைப்பது மட்டும் 'மோப்', அழுத்தித் தேய்ப்பது 'ஸ்க்ரப்'. ஒட்டடை அடிப்பதற்கு மட்டும் அவர்களிடம் ஒற்றைச் சொல் இருப்பதாகத் தெரியவில்லை. மலாயில் 'சாப்பு' என்றால் பெருக்குவதும் உண்டு, மருந்து தடவுவதும் உண்டு. 'கோசோக்' என்றால் பல் தேய்ப்பதும் சட்டையை இஸ்திரி போடுவதும். இதைவிட வேடிக்கை ஆங்கில 'டஸ்ட்'. பெயர்ச்சொல்லாக வந்தால் தூசி. வினைச்சொல்லாக வந்தால் தூசியை எடுப்பது. அதுவே கேக் மேல் மாவுச் சர்க்கரை தூவுவதும் ஆகும்.

'லிட்டர்' என்று இன்னொரு சொல் உண்டு. தமிழில் எழுதினால் தண்ணீர் அளக்கும் லிட்டர் போலவே இருக்கும். பொது இடத்தில் போட்ட குப்பை என்பது பொருள். தொட்டிக்குள் போனால் 'ரபிஷ்', தரையில் கிடந்தால் லிட்டர். 2026 ஜனவரி 1 முதல் நாட்டில் பொது இடத்தில் குப்பை போட்டுப் பிடிபட்டவருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமும், 12 மணி நேரம் வரை சமூக சேவையும் விதிக்கலாம். அறிவிப்புகளில் 'கம்யூனிட்டி சர்வீஸ் ஆர்டர்' என்று பார்த்தால் இதுதான்.

மாடியிலிருந்து வீசும் குப்பைக்கு 'கில்லர் லிட்டர்' என்று பெயர். நமக்கு இது வெறும் சொல் அல்ல. 2018 ஜனவரி 15 அன்று, இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பந்தாய் டாலாம் ஸ்ரீ பந்தாய் பிபிஆர் அடுக்குமாடியில், மேலேயிருந்து விழுந்த நாற்காலி ஒரு 15 வயது மாணவனின் உயிரைப் பறித்தது. தாயோடு கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிள்ளை. இன்றும் எங்கள் பக்கத்தில் கட்டடத்தை ஒட்டி நடக்கும்போது அண்ணாந்து பார்க்கிறவர்கள் உண்டு.

சுத்தத்தை வைத்து ஆங்கிலத்தில் மரபுத் தொடர்கள் நிறைய. 'கம் கிளீன்' என்றால் மறைத்ததை ஒப்புக்கொள்வது. 'டர்ட்டி லினன்' வெளியே வந்தது என்றால் வீட்டு விஷயம் வீதிக்கு வந்துவிட்டது. 'மணி லாண்டரிங்' துணி வெளுக்கும் கடை அல்ல. கறுப்புப் பணத்தை நல்ல பணமாகக் காட்டும் குற்றம். 'கிளீன்' அரசியலுக்கும் போகும். 2007 நவம்பர் 10 அன்று தலைநகரில் பேரணி நடத்திய இயக்கத்தின் பெயரே 'பெர்சே' அல்லவா? அங்கே சுத்தமாக இருக்க வேண்டியது தேர்தல்.

'கிளீன் பில் ஆஃப் ஹெல்த்' என்ற தொடருக்கு நம் குடும்பங்களோடும் தொடர்பு உண்டு. இன்று உடம்பில் ஒரு குறையும் இல்லை என்ற பொருளில் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் கப்பல் ஒரு துறைமுகத்தைவிட்டுக் கிளம்பும்போது, அங்கே கொள்ளைநோய் இல்லை என்று கொடுத்த சான்றுக் கடிதத்தின் பெயர் அது. அது சரியில்லாவிட்டால் போய்ச் சேரும் இடத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் பினாங்கின் ஜெரஜாக் தீவில் அப்படிக் காத்துக் கிடந்துவிட்டுத்தான் தோட்டங்களுக்குப் போனார்கள்.

அக்கா இப்போது கடைக்குப் போனால் போத்தலைத் திருப்பிப் படிக்காமல் வாங்குவதில்லை. போன வாரம் ஒரு போத்தலைக் கையில் பிடித்தபடியே என் வீட்டுக்கு வந்தார். அதில் 'கிளீனிங் ஏஜென்ட்' என்று போட்டிருந்தது.

"ஏஜென்ட்னா கமிஷன் எடுக்கிற ஆள்தானே தம்பி, இவன் எப்படி போத்தலுக்குள்ள வந்தான்?"