மனச்சோர்வு சிகிச்சை: வழிகாட்டுநெறியின் தரம்

மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கிய முதல் வாரத்திலேயே ‘பலனில்லை’ என்று சிலர் நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் குணம் தெரிந்தவுடன் நிறுத்துகின்றனர். பலன் தெரியப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குணமான பின்னரும் குறைந்தது ஆறு மாதங்கள் மருந்தைத் தொடர்வது நோய் திரும்புவதைத் தடுக்க உதவும். இத்தகைய கால அளவுகளை ஆய்வுகளின் அடிப்படையில் தொகுத்துரைப்பவையே சிகிச்சை வழிகாட்டுநெறிகள்.

இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2017-இல் மனச்சோர்வுக்கான நெறியை வெளியிட்டது. பிரிட்டனின் ‘நைஸ்’ நிறுவனம் தனது 2009-ஆம் ஆண்டு நெறியை 2022-இல் புதுப்பித்தது.

எல்லா நெறிகளும் ஒரே தரத்தன அல்ல. அவற்றை மதிப்பிட உதவும் ‘அக்ரீ 2’ என்னும் அளவுகோலில் 23 கூறுகள் உள்ளன. ஆதாரங்கள் முறையாகத் தேடப்பட்டனவா? நோயாளரின் கருத்து கேட்கப்பட்டதா? எழுதியோரின் ஆதாயத் தொடர்புகள் வெளிப்படையாகக் கூறப்பட்டனவா? புதுப்பிக்கும் முறை குறிக்கப்பட்டதா? இவை அவற்றுள் சில.

எனினும், எத்துணைச் சிறந்த நெறியும் உங்கள் அன்றாடத்தை அறியாது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் இரவுப் பணி செய்பவர், தம் பணிநேரத்தைக் கூறினால்தான் உறக்கம் தரும் மருந்தை உண்ணும் வேளையை மருத்துவர் முடிவுசெய்ய இயலும்.

எனவே பலன் எப்போது தெரியும், எவ்வளவு காலம் தொடர வேண்டும், எவ்வாறு படிப்படியாகக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடனிருப்போரும் கேட்கலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.