ஓடும் நீரின் ஒருநாள் பூச்சி

விளக்கொளியை நாடும் சிறகுப் பூச்சிகளை ஈசல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஈசல் கறையான் குலத்தது. ஓடைகளில் பிறக்கும் ‘மே ஈ’ வேறு குலத்தது.

சிறகு முளைத்தபின் அது உண்பதில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. ஆயினும் அதன் முன்னோர் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியவர்கள். சிறகு வந்த பின்னும் ஒருமுறை தோலுரிக்கும் தொல்பண்பு, இன்றுள்ள பூச்சிகளுள் இதற்கு மட்டுமே உண்டு.

இளமைப் பருவம் முழுவதும் நீருக்கடியில் கழிகிறது. வேகநீர் அடித்துச் செல்லாதிருக்கப் பல இனங்களுக்குத் தட்டையுடலும் கூரிய நகங்களும் அமைந்தன. மூச்சுக்கு வயிற்றோரச் செவுள்கள். கல்லிற் படிந்த பாசியை மேய்ந்து வளர்ந்து, மீனுக்கு இரையாகிறது.

1984இல் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் விவரித்த ஓரினம் நம் அருவியின் பெயரையே தாங்குகிறது: பீட்டர்சுலா குற்றாலென்சிஸ்.

இவற்றுட் பல, நீர் கெட்டால் முதலில் மறைவன. கழிவுநீரால் நுரைத்த பெல்லந்தூர் ஏரியில் 2017இல் தீயே மூண்டதைப் பொம்மனஹள்ளி வாழ் நாம் அறிவோம். ஆதலின், அன்பர்களே, விடுமுறையில் குற்றாலச் சாரலுக்குச் செல்லுங்கால் சோப்பும் சீயக்காயும் பெட்டியிலேயே இருக்கட்டும். அருவியில் வெறும் நீராடலே போதும்.