குழந்தைகளுக்குத் தற்காப்புக் கலைப் பயிற்சி: பலனைத் தீர்மானிப்பது எது?

கொல்கத்தா: கொல்கத்தாவின் கிழக்கே சதுப்பு நிலத்தை மேடாக்கி உருவாக்கப்பட்ட சால்ட் லேக் நகரில், குடியிருப்புப் பகுதிகள் பூங்காக்களுடன் திட்டமிடப்பட்டவை. இத்தகைய பூங்காக்களிலும் சமுதாயக் கூடங்களிலும் வெள்ளைச் சீருடை அணிந்த குழந்தைகள் கராத்தே பயில்வது பழகிய காட்சியாகிவிட்டது. உடல் வலிமை, ஒழுக்கம், தற்காப்பு ஆகிய மூன்றையும் பெற்றோர் எதிர்பார்க்கின்றனர். அவை கிடைப்பது, எந்தக் கலை என்பதைவிட அது கற்பிக்கப்படும் முறையையே பெரிதும் சார்ந்துள்ளது.

வங்கத்துக்குப் புதிதல்ல

ஜப்பானிய ஜூடோ ஆசிரியர் ஷின்சோ தகாகாகியை 1929-ஆம் ஆண்டு சாந்திநிகேதனுக்கு வரவழைத்தவர் ரவீந்திரநாத் தாகூர். அங்கு மாணவர்களுடன் மாணவிகளும் ஜூடோ கற்றனர். அவர்களில் ஒருவர் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென்.

உடலுக்கு என்ன பயன்?

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. வாரத்தில் மூன்று நாள்களாவது தசை, எலும்புகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. தற்காப்புக் கலையின் நிலைகளும் உதைகளும் கால் வலிமை, சமநிலை, நெகிழ்வு ஆகியவற்றை வளர்க்கின்றன. ஜூடோவில் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுவது, காயமின்றிக் கீழே விழும் முறை.

மனத்தில் ஏற்படும் மாற்றம்

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் நடத்தப்பட்டு 2004-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு மூன்று மாதங்கள் டேக்வாண்டோவும், மற்றவர்களுக்கு வழக்கமான உடற்கல்வியும் அளிக்கப்பட்டன. ‘நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன், என்ன செய்ய வேண்டும்’ எனத் தம்மையே கேட்டுக்கொள்ள டேக்வாண்டோ பிரிவினர் பழக்கப்படுத்தப்பட்டனர். சுயக்கட்டுப்பாட்டிலும் வகுப்பறை நடத்தையிலும் அவர்களே கூடுதல் முன்னேற்றம் கண்டனர்.

இதன் மறுபக்கத்தை 1986-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. தியானம், மரியாதை ஆகியவற்றுடன் மரபு முறையில் பயின்ற இளைஞர்களிடம் மூர்க்கம் குறைந்தது. சண்டை நுட்பங்களை மட்டும் கற்றவர்களிடம் அது அதிகரித்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

உடல் மோதலற்ற பயிற்சியே குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின் சாரம். போதிய தேர்ச்சி பெறும்வரை போட்டிகளையும் மோதல் பயிற்சியையும் தள்ளிவைக்கலாம் என்கிறது அது. தலைக்கவசம் அணிந்தால் மூளை அதிர்ச்சியைத் தவிர்த்துவிடலாம் என்பதற்குப் போதிய சான்று இல்லை. எனவே தலையில் அடிக்க அனுமதிக்கும் பயிற்சி சிறுவர்களுக்கு ஏற்றதல்ல.

சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பையாவது நேரில் பார்ப்பது நல்லது. வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் பயிற்சி நிறுத்தப்படுகிறதா, தவறு செய்பவர் அவமதிக்கப்படுகிறாரா என்பதைக் கவனித்தாலே ஆசிரியரின் அணுகுமுறை புரிந்துவிடும்.

தற்காப்புக்கும் எல்லை உண்டு

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவிகளுக்கு, ராணி லட்சுமிபாய் பெயரிலான மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் தற்காப்புப் பயிற்சி வழங்கப்படுகிறது. எனினும், சில மாதப் பயிற்சியால் வலிமை மிக்க பெரியவரைக் குழந்தை வீழ்த்திவிடும் என நம்புவது ஆபத்தானது. ஆபத்தை முன்கூட்டியே உணர்தல், உரக்கக் குரல் எழுப்புதல், அங்கிருந்து விலகி ஓடுதல், நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் தெரிவித்தல் ஆகியவையே முதல் பாடங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். குழந்தையின் பாதுகாப்பு பெரியவர்களின் பொறுப்பு. எந்தப் பயிற்சியும் அதற்கு மாற்றாகாது.