குடும்ப வரலாறும் இதயத் தசையும்

ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, உறவினர் மரணச் செய்தி பெரும்பாலும் ஒரே வரியில் வந்து சேருகிறது. "நெஞ்சுவலி, போய்விட்டார்" என்பர். வயது என்ன, முன்னர் மயக்கம் வந்ததுண்டா என்று நாம் கேட்பதில்லை. அடுத்த தலைமுறை அதனையும் மறந்துவிடுகிறது. இம்மறதி உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும்.

இளவயதில் திடீரென நேரும் மரணங்கள் எல்லாம் இரத்தக் குழாய் அடைப்பால் நேர்வன அல்ல. இதயத் தசையே அளவு மீறித் தடிக்கும் நோய் ஒன்று உண்டு. லண்டன் மருத்துவர் டொனால்டு டீர் 1958-இல் இதனை விளக்கி எழுதினார். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. பல குடும்பங்களில் இது மரபுவழி வருவது. பெற்றோரில் ஒருவரிடம் இதற்குரிய மரபணுக் குறை இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்து சேர 100-க்கு 50 வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு இதற்கில்லை.

நம் நாட்டோடு தொடர்புடைய செய்தியும் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட குறை, இந்தியத் துணைக்கண்டத்து மக்களுள் 100-க்குச் சுமார் 4 பேரிடம் இருப்பதாக, ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலையத்தார் உள்ளிட்ட அறிஞர்கள் 2009-இல் அறிவித்தனர். குறையுடையோர் அனைவரும் நோயுறுவதில்லை. ஆதலின் அஞ்ச வேண்டுவதில்லை, அறிந்திருத்தலே வேண்டுவது.

நாம் பணிபுரியும் இரயில்வேயில் ஒவ்வோர் ஊழியருக்கும் சர்வீஸ் ரிஜிஸ்டர் உண்டு. குடும்பத்திற்கு அத்தகைய ஏடு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஐம்பது வயதிற்குள் திடீரென இறந்தவர் யார், ஓடும்போதோ பளு தூக்கும்போதோ மயங்கி விழுந்தவர் யார், மூச்சுத் திணறலாலும் படபடப்பாலும் வருந்தியவர் யார் என்று தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் கேட்டு எழுதுவோமாக. அவ்வேட்டை மருத்துவரிடம் காட்டினால், இ.சி.ஜி., எக்கோ ஆகிய பரிசோதனைகள் யார் யாருக்குத் தேவை என்பதை அவர் கூறுவார். குழந்தைக்கு ஒருமுறை பார்த்து நன்றாயிருப்பினும், வளரும் பருவத்தில் மீண்டும் பார்த்தல் வேண்டும். நோய் பின்னரும் தோன்றலாம்.

"வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதே!" எனச் சிலர் மறைக்கின்றனர். பெற்றோர் கவலை இயல்பே. ஆயினும் மறைத்த நோய் மறைந்துவிடுவதில்லை. கண்டறிந்தால் மாத்திரைகள் உண்டு. ஆபத்து மிக்கோருக்கு மார்பில் பொருத்தும் மின்கருவியும் உண்டு.

பாட்டிமாரும் பெரியப்பாமாரும் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிக் கொள்வோம்.