இரண்டு வாளித் தண்ணீர்



பயணத்தில் இடர்ப்பட்டவர் வீடு திரும்பியதும் அதனைப் பத்துப் பேரிடம் சொல்லாமல் இருப்பதில்லை. நாமும் அதற்கு விலக்கல்லோம். ஆயினும் இங்கு நாம் சொல்ல வருவது ஒரு விடுதியின் குற்றத்தை மட்டுமன்று. நமது குற்றமும் அதில் கலந்துள்ளது.

நமது பங்கின் விழா மலரை அச்சிடுவது குறித்து அச்சகத்தாருடன் பேசி முடிக்க, ஒரு வெள்ளிக்கிழமை மாலை புதுச்சேரிக்குச் சென்றோம். வழக்கமாகத் தங்கும் குருக்கள் இல்லம் தியானத்திற்கு வந்தோரால் நிறைந்திருந்தது. எனவே பங்கு இளைஞர் ஒருவர், கைப்பேசியில் கண்ட படங்களையும் 'கடல் தெரியும் அறை' என்ற விளம்பரத்தையும் நம்பி, 1,800 ரூபாயை முன்னதாகவே செலுத்தி ஒரு விடுதியில் இடம் பிடித்துத் தந்தார். வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மக்கள் திரளும் நகர் அது. அறை கிடைத்ததே பெரும் பேறு என்று எண்ணினோம்.

மூன்று மாடி ஏறி அறைக்குள் நுழைந்தோம். சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் தெரிந்தது. குளியலறைக் காற்றுத் துளையருகே ஏறி நின்றால் ஒருவேளை கடல் தெரிந்திருக்கும். நமது வயதும் உடலும் அதற்கு இடம் தரவில்லை. படுக்கை விரிப்பில் முன்பு தங்கியவரின் தலை எண்ணெய் மணத்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். ஆனால் குழாயைத் திருகியபோது காற்றுதான் வந்தது. பேருந்துப் புழுதியுடன் நின்ற நமக்குப் பொறுமை அற்றுப்போயிற்று.

கீழே வரவேற்பு மேசையில் இருபது வயதுகூட நிரம்பாத இளைஞன் ஒருவனே இருந்தான். அவனிடம் நாம் பேசிய குரல், கோவிலில் நம்மைக் கேட்போர் அறியாத குரல். புகார்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, 'பணியாளரின் அலட்சியத்தால் தண்ணீர் இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அவன் ஒரு சொல்லும் மறுத்துரைக்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. இரு கைகளிலும் இரண்டு வாளித் தண்ணீருடன் அவன் நின்றான். மின்தூக்கி இல்லாத கட்டடம். தெருக் குழாயில் பிடித்துச் சுமந்து வந்திருக்கிறான். "மோட்டார் கெட்டு ரெண்டு நாள் ஆச்சுங்க ஐயா. வர்றவங்ககிட்ட சொல்ல வேணாம்னு முதலாளி சொல்லியிருக்காரு" என்றான். அறை வாடகை வாங்கியவர் ஒருவர். ஏச்சு வாங்கியவன் வேறொருவன் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

நல்ல சமாரியரின் உவமையைப் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஆனால் அதில் வரும் சாவடிக்காரரைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. இரண்டு தெனாரியத்தைப் பெற்றுக்கொண்டு, காயமுற்ற அந்நியனைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் அவர். அவ்விரவு முதலாளி காசைப் பெற்றுக்கொண்டார். பொறுப்பை அந்த இளைஞன் சுமந்தான்.

விடிந்ததும், அச்சகம் திறக்கும்வரை பாரதி பூங்காவில் உலவினோம். அங்கே வெண்ணிற ஆயி மண்டபம் நிற்கிறது. தன் மாளிகையை இடித்துவிட்டு, அவ்விடத்தில் மக்களுக்காகக் குளம் வெட்டினாள் ஆயி என்னும் பெண் என்பது வழிவழி வரும் கதை. 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுந்ததே அம்மண்டபம். பிறர் தாகம் தீர்த்தவளை ஓர் ஊர் இவ்வளவு காலம் மறவாதிருக்கிறது. நாமோ நமக்குத் தண்ணீர் சுமந்தவன்மீது குற்றம் எழுதிவிட்டு வந்திருந்தோம்.

விடுதிக்குத் திரும்பிப் பதிவேட்டை மீண்டும் கேட்டோம். முதல் வரியை அடித்து, 'குறை நிர்வாகத்தினுடையது. பணியாளர் நமக்கு உதவினார்' என்று எழுதினோம். அதற்குள் வந்துவிட்ட முதலாளி புன்னகையுடன், "சீசன் நேரத்துல இப்படித்தாங்க சாமி" என்றார். பணத்தில் ஒரு காசும் திரும்பவில்லை.

குறையைச் சொல்வது குற்றமன்று. உரியவரிடம் சொல்லவேண்டும் என்பதே நாம் கற்ற பாடம். சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2019இல் இயற்றப்பட்ட சட்டம், 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் ஆகிய இரண்டையும் அது கருத்தில் கொள்கிறது. 1915 என்னும் தொலைபேசி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். 1998இல் தில்லி விடுதி ஒன்றில், நிறுத்தி வைக்கும்படி பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்ட கார் களவு போயிற்று. 'உரிமையாளரே பொறுப்பு' எனச் சீட்டில் அச்சிட்டிருந்ததைக் காட்டி விடுதி தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது.

ஆகவே குடும்பத்துடன் வெளியூர் செல்வோர், கூடுமானவரை அறையைக் கண்ட பின்னரே பணம் செலுத்துங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். எந்நேரத்தில் அறையைக் காலி செய்யவேண்டும் என்று கேளுங்கள். முன்பதிவு செய்தால் விளம்பரப் படத்தையும் இரசீதையும் பத்திரப்படுத்துங்கள். குறை நேர்ந்தால் முதலாளியின் பெயருக்கு எழுதுங்கள். எதிரே நிற்கும் எளியவரிடம் முதலில் அவர் பக்கத்தைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து, அச்சான மலரைப் பெற்றுவரச் சென்றபோது அவ்விடுதிப் பக்கம் போனோம். மேசையில் வேறொருவர் இருந்தார். முந்தைய இளைஞனைப் பற்றிக் கேட்டோம். "அவன் நின்னுட்டாங்க" என்றார். தானாக நின்றானா, நிறுத்தப்பட்டானா என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் துணிவு நமக்கு இல்லை.