வீட்டினுள் தேயும் கைபேசி அலை

நள்ளிரவில் வீட்டு முதியவருக்கு உடல்நலம் குன்றுகிறது. மருத்துவரை அழைக்கக் கைபேசியை எடுக்கிறோம். கூடத்தில் சிக்னல் இல்லை. மாடிக்கு ஓடினால் இருக்கிறது. பேசத் தொடங்கியதும் மறைகிறது. பழுது கருவியிலா, கோபுரத்திலா, நம் வீட்டிலா? சற்று ஆராய்வோம்.

கைபேசியும் ஒருவகை வானொலியே. வானொலிப் பெட்டி கேட்பதோடு நின்றுவிடும். கைபேசியோ கோபுரத்துக்கு மறுமொழியும் அனுப்ப வேண்டும். மத்திய அலை வானொலியின் அலைநீளம் சில நூறு மீட்டர். கைபேசி அலையோ 900 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர், 1800இல் 17, நம் நாட்டில் 2022இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சேவைக்குப் பயன்படும் 3500இல் சுமார் 9. அலைநீளம் குறையக் குறைய, சுவரைக் கடக்கும் ஆற்றலும் பொதுவாகக் குறைகிறது. இரும்புக் கம்பி பொதிந்த காங்கிரீட், தகரக் கூரை, உலோகப் பூச்சிட்ட கண்ணாடி ஆகியவை அலையைப் பெரிதும் தடுக்கின்றன. மழையில் நனைந்த சுவரும் அலையை ஓரளவு உறிஞ்சும்.

அவ்வாறாயின், ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும்போதும் சிக்னல் ஏறி இறங்குவது ஏன்? கோபுரத்தின் அலை நேராகவும், எதிர்ச் சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பியும் பல வழிகளில் நம்மை அடைகிறது. இவை ஒன்றையொன்று வலுப்படுத்துவதும் உண்டு, அழிப்பதும் உண்டு. ஆகவே ஒரு சாண் நகர்ந்தாலும், ஒருவர் குறுக்கே நடந்தாலும் நிலை மாறுகிறது. இரு கோபுரங்களின் எல்லையில் வீடு இருப்பின், கருவி இரண்டுக்குமிடையே தாவுவதும் உண்டு. மாலையில் தெரு முழுவதும் ஒரே கோபுரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், கோடுகள் நிறைந்திருந்தும் பேச்சு தடைப்படலாம்.

காரணத்தை அறிய எளிய வழி உண்டு. வேறு நிறுவனத்தின் கைபேசியை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் உள்ளே நலிந்து, வெளியே இரண்டும் செழித்தால், தடை வீடே. வெளியிலும் உங்களுடையது மட்டும் நலிந்திருந்தால், மற்றொரு கைபேசியில் உங்கள் சிம்மை இட்டுச் சோதியுங்கள். அப்போதும் நலிந்தால் நிறுவனத்திடம் முறையிடுங்கள். நலியாவிடில் பழுது கருவியிலேயே. வீட்டில் வைஃபை இருப்பின், அதன் வழியே பேசும் வசதி பெரிதும் உதவும்.

கடைகளில் விற்கும் சிக்னல் பெருக்கியை மட்டும் வாங்கிப் பொருத்தாதீர்கள். உரிமமின்றி அதனை வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பானது. அது எழுப்பும் இரைச்சல் கோபுரத்தை எட்டி, அண்டை வீட்டாரின் பேச்சைக் கெடுக்கும். நம் அவசரத்துக்கென வைத்த கருவி, பிறர் அவசரத்தில் குறுக்கே நிற்கலாகாது.

வீட்டில் அலை நன்கு கிடைக்கும் இடத்தை இன்றே கண்டறிந்து, குழந்தைகள் உட்பட அனைவருக்கும் காட்டி வையுங்கள். நம் நிறுவனத்தின் அலை இல்லாதபோதும், பிற நிறுவனத்தின் அலை இருப்பின், 112 என்னும் அவசர எண் அதன் வழியே கிடைக்கக்கூடும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.